தலையணையிலிருந்து ஏரி

வேரோனிக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு காலையாவது அவளும் சீமோனும் ஒன்றாகக் கண் விழிக்க வேண்டும். விழித்ததும் தலையணையிலிருந்தே தண்ணீர் தெரிய வேண்டும். அது நடக்காத கூத்து கலியாணமான புதிதிலேயே தொடங்கியது. அவளுக்கு ஸ்காபரோ முதியோர் இல்லத்தில் இரவு வேலை, அவனுக்கு மிசிசாகா விமான நிலையத்தில் பகல் வேலை. விடியும்போது அவள் வாசலில் சப்பாத்தைக் கழற்றுவாள், அவன் சப்பாத்தைப் போடுவான். இந்த லட்சணத்தில் பிள்ளைகள் எப்படித்தான் பிறந்தார்களோ என்று அவளுடைய தங்கை கேலி செய்வாள்.

இந்தக் கோடையில் அதிசயமாக இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது. பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, கட்டிலும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற கேம்பர் வான் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். ரொறன்ரோவுக்கு வடக்கே, ஏரியுள்ள மாகாணப் பூங்கா ஒன்றில் வானை நிறுத்த இடம் பதிவு செய்யும் பொறுப்பு சீமோனுக்கு. அவன் வீடு வாங்குகிற கண்ணோடு தேடினான். தண்ணீர்க் குழாய் கிட்ட இருக்க வேண்டும், கழிப்பறை கிட்ட, கடை கிட்ட, நல்ல வெளிச்சம். எல்லாம் பொருந்திய இடம் கிடைத்தது. ஏரியைத்தான் மறந்துபோனான்.

வேரோனிக்கா இறங்கிப் பார்த்தாள். மூக்குக்கு முன்னால் கழிப்பறைக் கட்டடம். தோளில் துவாயோடு ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். உள்ளே கை காயவைக்கும் மெஷின் உறுமியது. ஏரி எங்கேயோ மரங்களுக்கு அப்பால்.

"எல்லாம் கிட்டத்தானே, வேரோ," என்றான் சீமோன்.

"ஓம். பஸ் ஸ்டொப் மட்டும்தான் இல்லை."

அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் புது வீட்டில் பால் காய்ச்சாமல் அவளால் இருக்க முடியாது. வானின் குட்டி அடுப்பில் பாலை வைத்தாள். அது பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது.

"வேற இடம் இருக்கோ எண்டு கேட்டனான். எல்லாம் நிரம்பிட்டுதாம்," என்றான் அவன், பாலைப் பார்த்தபடி.

இருட்டியதும் சீமோன் பழக்கதோஷத்தில் உறங்கிப்போனான். அவள் பழக்கதோஷத்தில் விழித்துக் கிடந்தாள். ஏரிக்கரையிலேயே இடம் கிடைத்திருந்தாலும் இதுதானே நடந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. அவன் எழும்பும்போது அவள் உறங்குவாள். கோபம் போய், பயம் வந்தது. இனி ஒருநாளும் சேர்ந்து விழிக்கவே முடியாதோ?

வெளுக்கிற நேரத்தில் அவள் கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன. கட்டில் மெல்ல அசைந்தது. கழிப்பறைக் கட்டடம் இடம்பெயர்ந்து ஜன்னலால் நழுவிப் போனது. துவாய்க்காரர்கள் கை காட்டினார்கள். மரங்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தன. எங்கும் பால் மணம். அவளுக்கு எதுவும் ஆச்சரியமாக இல்லை.

கண் திறந்தபோது முன்னால் தண்ணீர்.

வானின் பின்கதவுகள் விரியத் திறந்திருந்தன. ஏரி வெயிலில் மினுங்கியது. கரையில் யாருடையவோ பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். பக்கத்தில் சீமோன், அவள் தலைக்குக் கீழே கையைக் கொடுத்தபடி, கண் விழித்துக் கிடந்தான்.

"எங்க நிக்கிறம்?"

"ஏரிக்கரைக் கார் பார்க். பகலிலை நிக்கலாம். நீ நித்திரையாப் போனாப் பிறகு மெல்ல உருட்டிக்கொண்டு வந்தனான்."

"ஆள் படுத்திருக்க வானை ஓடக்கூடாதெல்லோ! பொலிஸ் பிடிச்சிருந்தால்?"

"நடந்து போன ஆக்களே என்னை முந்திக்கொண்டு போனவை."

"மணி என்ன?"

"மத்தியானம் ஆகப்போகுது."

"விடியத் தொடங்கி இவ்வளவு நேரமும் என்ன செய்தனீங்கள்?"

"கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான். நீ முழிக்கேக்கை நானும் முழிக்கோணுமெல்லோ."

அவனுடைய கண்கள் சிவந்திருந்தன. விடிந்ததிலிருந்து வந்த நித்திரையையெல்லாம் அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறான், கள்ளன். அவளுக்கு அவன்மேல் அப்படியொரு அன்பு பொங்கியது.

"திருப்பி மூடுங்கோ," என்றாள். "உண்மையாப் படுப்பம். ரெண்டு பேரும் சேர்ந்து முழிப்பம்."

அவன் கண்ணை மூடியதுமே குறட்டை விட்டான். வேரோனிக்கா ஏரியை ஒருதரம் பார்த்தாள். அவன் காலில் இன்னும் சப்பாத்து இருந்தது. எழும்பி, அவன் விழிக்காமல் அதைக் கழற்றி வைத்துவிட்டு, திரும்ப அவன் கையில் தலையை வைத்துக் கண்ணை மூடினாள்.