ஊசிக்குக் கேட்காத உடம்பு

ரங்கசாமி ஐந்தரைக்கு எழுந்தான். தண்ணீர் இறைத்துக் குளித்தான். ஒரு ஆளுக்குக் காபி போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். மனைவி சுப்புத்தாய் இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. நாகல் நகரிலிருந்து சைக்கிளை மிதித்து ஆஸ்பத்திரிக்குப் போனான். ஏழு மணிக்கு ஊசிகளைக் கொதிக்கப் போட்டான். அறுபத்திரண்டாம் வருடம், ஒரு புதன்கிழமை.

மதுரையில் விலங்கியல் படித்தவன். கிடைத்தது ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர் வேலை.

அன்றைக்கு ஆத்தூர் ராமுத்தாய்க்கு வயிற்றுக் கட்டி ஆபரேஷன். பத்து மணிக்கு. அதற்கு முன்னால் அவள் கட்டைவிரலில் பழுத்திருந்த நகச்சுத்தியைக் கீறிவிட வேண்டியிருந்தது. டாக்டர் முத்துச்சாமி விரல் மரத்துப்போக அதன் அடியில் மரப்பு ஊசி போட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துக் கத்தியை வைத்தார்.

"வலிக்குதா தாயி?"

"இல்லீங்கய்யா" என்று சிரித்தாள் ராமுத்தாய்.

அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தவன் ரங்கசாமி. நாடி விரலுக்கடியில் குதித்தது. கால் பக்கம் பார்த்தான். பத்து விரல்களும் உள்ளே சுருண்டிருந்தன. மேலுதட்டில் வியர்வை.

டாக்டர் கை கழுவப் போனதும் அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தான். பக்கத்தில் அவள் அண்ணன் ஒச்சப்பன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"அக்கா, வலிச்சுதா இல்லையா?"

"வலிக்கலன்னு சொன்னேன்ல தம்பி."

"பொறகு கால் வெரலு ஏன் அப்படிச் சுருண்டுச்சு?"

ஒச்சப்பன் குறுக்கே விழுந்தார். "அட, சொல்லித் தொலை புள்ள! தம்பி, எங்க உடம்பு ஊசிக்குக் கேக்காது. எனக்குப் பல்லுப் புடுங்குனப்ப ரெண்டு ஊசி போட்டாரு. அம்புட்டு வலியும் தெரிஞ்சுச்சு. எங்க ஆத்தாளுக்கும் அப்படித்தான். தேள் கொட்டுன உடம்புக்கு ஊசி கேக்காதும்பாக."

"உங்களைத் தேள் கொட்டியிருக்கா?"

ஒச்சப்பன் மெல்லுவதை நிறுத்தினார். "என்னையவா? இதுவரைக்கும் இல்லையே."

"அக்காவை?"

"இல்ல."

"உங்க வீட்டம்மாவை?"

"அவளை மூணு தடவ போட்டிருக்கு. கடலைக் காட்டுல."

"அவங்களுக்கு ஊசி கேக்குமா?"

"பல்லுப் புடுங்கையில நாக்காலியிலயே தூங்கிட்டாளே!"

ரங்கசாமிக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொட்டு வாங்கினவளுக்கு ஊசி கேட்கிறது. கொட்டு வாங்காத அண்ணனுக்கும் தங்கைக்கும் கேட்கவில்லை. அவர்களைப் பெற்றவளுக்கும் கேட்கவில்லை. அப்படியென்றால் தேள் இல்லை. வெளியிலிருந்து வந்த பெண் தப்பித்துவிட்டாள். இது ரத்தத்தில் இறங்கி வருகிறது. கல்லூரியில் பரம்பரைக் குணம் படிக்கப் பட்டாணிச் செடிக்குப் போட்ட கட்டங்கள் ஆத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன! சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது.

மறுகணம் சிரிப்பு நின்றது. வயிற்று ஆபரேஷனுக்கும் மரப்பு ஊசிதான். முதுகுத்தண்டில் போடுவது.

"அக்கா, இதை ஏன் டாக்டர்கிட்டச் சொல்லல?"

"நல்லாக் கேட்டீக. கைராசிக்கார மனுசன். ஊசி போட்டும் வலிக்குதும்பாகளா? அவரு கைராசியவே கொறை சொன்னாப்புல ஆகிப்போகும். பொறகு அந்தக் கை வெளங்குமா?"

"வயித்தக் கிழிக்கையிலயும் வலிக்கலம்பீங்களா?"

அவள் தரையைப் பார்த்தாள். "பல்லைக் கடிச்சுக்குவேன்."

ரங்கசாமி டாக்டரிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னான்.

"தேள் கதையாப்பா?" என்றார் டாக்டர், கையில் சோப்பு நுரையோடு.

"தேளைக் கழிச்சுட்டேன் சார். இது பரம்பரை."

"முதுகுல போட்டுட்டுக் குத்திப் பார்ப்போம். வலிச்சா சொல்லட்டுமே."

"அவங்க சொல்ல மாட்டாங்க சார்!"

டாக்டர் காதில் வாங்கவில்லை. முதுகில் ஊசி ஏறியது. கால் மணி நேரம் ஆனது. வயிற்றில் குண்டூசியால் குத்தினார்.

"வலிக்குதா?"

"இல்லீங்கய்யா."

"பார்த்தியா?" டாக்டர் கத்திக்குக் கையை நீட்டினார்.

"சார், நாடி! குத்தினதும் ஏறுது!"

"பயத்துல எல்லாருக்கும் ஏறும்."

"பயம்னா குத்தாட்டியும் ஏறணுமே சார். ஏழே தடவை. சிலது குத்துங்க, சிலது சும்மா விடுங்க. அவங்க கண்ணைத் துணியால மூடிருவோம். நான் சுவரைப் பார்த்துக்கறேன். நாடியை வச்சே சொல்றேன். ஒண்ணு தப்பினாலும் வெளியே போயிடறேன்."

டாக்டர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். நர்ஸ் அன்னாள் ராமுத்தாயின் கண்மேல் துணி போட்டாள்.

"ஒண்ணு" என்றாள் அன்னாள்.

விரலுக்கடியில் நாடி சீராக ஓடியது. "சும்மா."

"ரெண்டு."

துள்ளியது. "குத்து."

"மூணு." "குத்து."

"நாலு." வெகுநேரம் காத்தான். நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் நாடியா தன் நாடியா என்று ஒரு கணம் குழம்பினான். "சும்மா."

"அஞ்சு." மணிக்கட்டே அதிர்ந்தது. "குத்து! பெரிய குத்து!"

"ஆறு." "சும்மா."

"ஏழு." "குத்து."

ரங்கசாமி திரும்பினான். அன்னாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "ஏழும் சரி சார்" என்றாள், மெதுவாக.

டாக்டர் குண்டூசியைத் தட்டில் போட்டார். "முதுகுல போட்ட மருந்து எங்கப்பா போச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு சத்தமாக, "அன்னாள், ஈதர் கொண்டா. முழு மயக்கம் குடுத்துத்தான் செய்யணும். ரங்கசாமி, அந்தக் குடும்பத்துல ஒரு ஆள் விடாம எழுதி வை. தாத்தன் பூட்டன் வரைக்கும் வேணும்."

ரங்கசாமி ஏற்கெனவே நோயாளிச் சீட்டின் பின்பக்கம் ஆளுக்கொரு வட்டம் போடத் தொடங்கியிருந்தான். அவசரத்தில் வட்டங்கள் கோணின. அழிக்காமல் அடுத்த வட்டம் போட்டான்.

கட்டி நல்லபடியாக வெளியே வந்தது. பத்தாம் நாள் தையல் பிரித்து, ராமுத்தாய் தானே நடந்து ஆத்தூர் பஸ்ஸில் ஏறினாள். அதற்குள் வட்டங்கள் பத்தொன்பது ஆகியிருந்தன. ஆனால் ரங்கசாமி பின்னால் யாரிடம் இந்தக் கதையைச் சொன்னாலும், அந்தப் புதன்கிழமை பத்தரை மணியோடு நிறுத்திவிடுவான். ஈதர் நனைத்த துணி முகத்தருகே வந்துவிட்டது. டாக்டர் குனிந்து கேட்டார்.

"என் கைராசி கிடக்கட்டும் தாயி. இப்பவாவது உண்மையைச் சொல்லு. கண்ணை மூடின பிறகு எத்தனை தடவை குத்தினேன்?"

மயங்குவதற்கு முன் அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"நாலு தடவய்யா. அந்த மூணாவது குத்து இருக்கே, ஈரக்கொல நடுங்கிப் போச்சு... கைராசியாம், கைராசி!"