பின்பக்கம் விரிந்த கவுன்

ஒதில் கார்போனெல் யாரையும் முழுசாக நம்பியதில்லை. பாரிஸில் வெர்ந்யோல் உடையகத்தின் தலைமைத் தையல்காரி அவள். அந்த வேலைக்கு அது ஒரு தகுதி என்றே முதலாளி நினைத்தார். யுத்தம் முடிந்து மூன்றாவது வருஷம் அது. புது உடைகளைக் காட்டும் நாளுக்கு முன்னால் துணியை எப்படி வெட்டுவது என்று காட்டும் ஒரு வெட்டுக் காகிதம் வெளியே போனால் போதும், ஒரே வாரத்தில் மலிவுக் கடைகள் எல்லாம் அதையே தொங்கவிட்டுவிடும். அதனால் பட்டறை ஜன்னல்களுக்குத் திரை போட்டிருந்தார்கள். மாலையில் வீட்டுக்குப் போகும் பெண்களின் பைகளை வாசலில் திறந்து பார்த்தார்கள்.

போன வருஷம்தான் ஊர் மறுபடி பழைய மோகத்துக்குத் திரும்பியிருந்தது. சரிந்த தோள், இறுக்கிப் பிடித்த இடுப்பு, அதற்குக் கீழே குடைபோல் விரியும் பாவாடை. ரொட்டிக்கே ரேஷன் சீட்டு நீட்டும் காலத்தில் ஒரு கவுனுக்குப் பன்னிரண்டு மீட்டர் துணியா என்று சந்தையில் பெண்கள் வைதார்கள். வைதவர்களே கடைக் கண்ணாடி முன்னால் நின்று, இடுப்பில் கைவைத்துப் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். இந்த வருஷம் முதலாளி வெர்ந்யோல் அதில் ஒரு மாற்றம் செய்திருந்தார். முன்பக்கம் தட்டையாக நேரே விழும். விரிவு முழுவதும் பின்னால். யாரும் பார்த்திராத வடிவம், ஒரே மூச்சில் வரைந்தது என்றார்.

காட்சிக்கு ஐந்து நாள் இருந்தபோது, ஒதில் பல்வலிக்கு வைத்தியரைத் தேடி மெனில்மோந்தான் பக்கம் போனாள். மேட்டுத் தெரு ஒன்றில் சின்னத் தையல்கடை. அதன் ஜன்னலில் அதே கவுன் நின்றது. துணி மட்டமான பழுப்புப் பருத்தி. ஆனால் முன்னால் தட்டை, பின்னால் விரிவு.

பல்வலி போன இடம் தெரியவில்லை. அந்தப் பேட்டையிலிருந்து அவள் பட்டறைக்கு வருகிறவள் ஒருத்திதான்: ரேமோந்த், இருபத்தாறு வயதுக்காரி. பின்பக்கக் கொசுவத்தைத் தைப்பவளும் அவளேதான்.

மறுநாள் முழுக்க ஒதிலின் கண் ரேமோந்தைவிட்டு அகலவில்லை. இவள் ஏன் தனியாகச் சாப்பிடுகிறாள்? கைகழுவ இவ்வளவு நேரமா? முன்பெல்லாம் பாட்டு முணுமுணுப்பாளே, இன்றைக்கு ஏன் வாய் மூடிக்கிடக்கிறது? சாப்பாட்டு வேளையில் ஒதில் அவள் பையை எடுத்துத் துழாவினாள். நாலாக மடித்த காடாத்துணித் துண்டு ஒன்று கிடைத்தது. அதில் சுண்ணக்கட்டியால் வெட்டுக்குறிபோல ஒரு வளைகோடு.

துண்டை முதலாளியிடம் கொண்டுபோய்க் கடை விஷயத்தைச் சொன்னாள். அவர் துண்டைப் பார்க்கவில்லை. எந்தத் தெரு என்று மட்டும் கேட்டார். பிறகு சட்டென்று, அந்தப் பெண்ணை அனுப்பிவிடு, கடைப்பக்கம் நீ போக வேண்டாம், ஊர்வம்பு எதற்கு என்றார். அந்த அவசரம் ஒதிலுக்கு உறுத்தியது. இருந்தாலும் மறுநாள் காலையில் ரேமோந்தைக் கூப்பிட்டு, இனி வேலை இல்லை என்று சொன்னாள்.

"நான் என்ன செஞ்சேன்னு சொல்லிட்டு அனுப்புங்க மதாம்," என்றாள் ரேமோந்த்.

"அது உனக்கே தெரியும்."

ரேமோந்த் தன் கத்தரிக்கோலை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மதியமே ஒதில் அந்தத் தெருவுக்குப் போனாள். 'போக வேண்டாம்' என்ற அந்தச் சொல்தான் அவளை இழுத்துக்கொண்டு போனது. கடைக்காரி அருசியாக் பருத்த உடம்புக்காரி, ஆர்மீனியப் பெண். ஒதில் வாடிக்கைக்காரிபோல ஜன்னல் கவுனைக் கேட்டாள்.

"ஏழு பேர் சொல்லிவச்சிருக்காங்க. உங்களுக்கு ஈஸ்டர் கழிஞ்சுதான்," என்றாள் அருசியாக்.

"அப்படி என்ன இருக்கு இதுல?"

"இடுப்பு இல்லாதவளுக்கும் இடுப்பு குடுக்கும் மதாம். நேர்ல வர்றப்ப அடக்கமா இருக்கும். தாண்டிப் போனதும் திரும்பிப் பாக்க வைக்கும். எந்தப் பொம்பள வேணாம்னு சொல்லுவா?"

ஒதில் கவுனைக் கையில் வாங்கி உள்பக்கம் திருப்பினாள். தையலைப் படிப்பது அவளுக்கு எழுத்தைப் படிப்பதுபோல. பக்கத்தையல் வேறு இடத்தில் ஓடியது. கொசுவத்தின் மடிப்பு எதிர்த்திசை. அவள் பட்டறைக் காகிதத்திலிருந்து வெட்டியது அல்ல இது. எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

அருசியாக் அலமாரியிலிருந்து ஒரு பழைய உடுப்பை எடுத்து மேஜைமேல் விரித்தாள். கறுப்புப் பட்டு, மடிப்போரங்களில் கிழிந்திருந்தது. எதிர்வீட்டுக் கிழவி தன் தாயின் கல்யாண உடுப்பு என்று விற்றாளாம்; அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கும் கறுப்புப் பட்டு உடுத்துவார்களாம். எழுபது எண்பது வருஷம் இருக்கும். முன்னால் தட்டை, பின்னால் விரிவு.

"போன கோடையில ஒரு முசியே இதை விலைக்குக் கேட்டார். நான் தரல. அந்த நாற்காலியில உக்காந்து ஒரு மணி நேரம் வரைஞ்சுக்கிட்டுப் போனார். இடது கைக்காரர். வரையறப்ப கண்ணு ஒரு மாதிரி சொருகியிருக்கும்."

ஒதில் பதினாறு வருஷமாக வெர்ந்யோலின் இடது கை வரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பவள். அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பட்டறைக்குத் திரும்பி அவள் கேட்டபோது வெர்ந்யோல் மறுக்கவில்லை. "எம்பது வருஷத்துக்கு முந்தி அதைத் தைச்சவ மட்டும் யாரையும் பாத்துத் தைக்கலையா? நல்ல உருவம் எவனுக்கும் சொந்தமில்ல ஒதில்," என்றார்.

"சொந்தமில்லாததைத் திருடிட்டாள்னு சொல்லி ஒருத்தி சோத்துல மண்ணைப் போட்டேனே. நீங்க சும்மா பாத்துக்கிட்டு இருந்தீங்களே," என்றாள் அவள். ரேமோந்த் திரும்பி வராவிட்டால் காட்சியன்று தானும் வரப்போவதில்லை என்றும் சொன்னாள். அவர் கையை அசைத்துச் சம்மதித்தார்.

ஐந்தாம் மாடியில் இருந்த தன் வீட்டுக் கதவை ரேமோந்த் பாதிதான் திறந்தாள். ஒதில் நடந்ததையெல்லாம் நின்றபடியே சொல்லி முடித்தாள்.

"என் பையை நீங்கதான் திறந்தீங்களா?"

"நான்தான்."

"தரையில கெடந்த துண்டு அது. தங்கச்சி குழந்தைக்குத் தொப்பி வெட்டலாம்னு எடுத்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

மன்னித்துக்கொள் என்றாள் ஒதில். ரேமோந்த் வாடகை கட்டவேண்டியவள். திங்களன்று வேலைக்கு வந்தாள்.

காட்சியில் அந்தக் கவுனுக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். யாரும் பார்த்திராத வடிவம் என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த வசந்தத்துக்குள் பாரிஸில் பாதிப் பெண்கள் பின்னால் விரிந்துதான் நடந்தார்கள்.

ரேமோந்த் இன்னும் ஒன்பது வருஷம் அந்தப் பட்டறையில் இருந்தாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், கொடுத்ததை ஒழுங்காகத் தைப்பாள். தன் கல்யாணத்துக்குப் பட்டறையில் எல்லோரையும் கூப்பிட்டாள், ஒதிலைத் தவிர.