சுடாத பானை

பீடோங் பரஞ்சோதியின் மனைவி பிரேமாவதி கை நீட்டினால், பிரேக் போன பஸ்கூட நிற்கும். பீடோங் ஊரே பார்த்திருக்கிறது. அப்பேர்ப்பட்டவள், பக்கத்து ஊரான பாக்கார் ஆராங்கில் பானை வகுப்பில் சேர்ந்த மறு மாதம், பசாரில் மீன் பொறுக்கும்போது மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

கருமாதி முடிந்ததும், அவள் பாதியில் விட்ட பானையை வாங்கிவரப் பரஞ்சோதி போனார். வகுப்பு நடத்தும் ரூபினி அமெரிக்காவில் பியூப்லோ பழங்குடிப் பெண்களிடம் கற்றுவந்தவள். சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறாக உருட்டி, சுற்றிச் சுற்றி அடுக்கி, உள்ளே விரலால் அழுத்தி ஒட்டவேண்டும். ஈரத்துணி சுற்றிய பானைக்குள் பரஞ்சோதி கைவிட்டார். குழி குழியாகப் பிரேமாவதியின் விரல்கள்.

"வாய் மட்டும்தான் பாக்கி. நீங்களே முடிங்கண்ணே," என்றாள் ரூபினி.

உட்கார்ந்து உருட்டினார். மரவள்ளிக்கிழங்கு பருமனுக்கு வந்தது.

"என்னண்ணே, மலைப்பாம்பா?" என்றாள் பக்கத்தில் இருந்த சுலைஹா.

"இது குட்டிலா. பாலிங் காட்டுல ஒண்ணு மேல உக்காந்து பசியாறியிருக்கேன். அது எழுந்து போனப்பதான் பாம்புன்னே தெரியும்," என்றார் சிரிக்காமல்.

ஒருவழியாக வாய் கட்டியாயிற்று. "இனி சுரைக்காய் ஓட்டால உள்ளே சுரண்டி மெல்லிசாக்கணும். காயவச்சு, சாணி மூட்டம் போட்டுச் சுடணும்," என்றாள் ரூபினி.

"சுரண்டினா குழியெல்லாம் போயிடுமே."

"தடியா இருந்தா நெருப்புல வெடிச்சிடும்ணே."

"அப்ப நெருப்பு வேணாம்மா. ஒருக்கா அவளைக் குடுத்தது போதும்."

ரூபினி, தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் என்று மட்டும் எச்சரித்தாள்.

பானை பிரேமாவதியின் படத்துக்கு முன்னால் அமர்ந்தது. காலையில் எழுந்ததும் உள்ளே கைவிடுவார். அவர் விரல் தடி, குழிக்குள் பொருந்தாது. விளிம்பைத் தொட்டுக்கொண்டிருப்பார்.

வருசத் திவசத்துக்கு மகள் யோகேஸ்வரி பாலிங்கிலிருந்து வந்தாள். அம்மா செய்த பானை என்று அவளிடம் சொல்லியிருந்தார். சுடாதது என்று சொல்லவில்லை. அவர் வாழையிலை வாங்கப் போயிருந்த நேரம் அவள் படையலுக்கு ஆயத்தம் செய்தாள். பால் விடாத கோப்பி ஓ என்றால் அம்மாவுக்கு உயிர். அம்மா கையாலேயே செய்த பானை இருக்கும்போது கிளாஸ் எதற்கு? சுடச்சுட ஊற்றினாள்.

அவர் திரும்பியபோது பானை இடுப்பொடிந்து கிடந்தது.

"கோப்பிதாம்பா ஊத்தினேன்..." அவள் அழுதாள்.

பரஞ்சோதி சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவினார். எங்கும் வழவழவென்று இருந்தது.

"சீனி போட்டியா?"

"நெறைய போட்டேம்பா."

"நல்லதுலா. இனிப்புநீர் வியாதின்னு கடைசி வரைக்கும் நான்தான் சீனி குடுக்க விடல."

யோகேஸ்வரி இலை போட்டாள், சோறு வைத்தாள், சூடம் ஏற்றினாள். அவர் கையைச் சேற்றிலிருந்து எடுக்கவே இல்லை. ஒற்றைக் கையால்தான் கும்பிட்டார்.