சிப்பிக் குஞ்சுகளின் பத்தொன்பதாம் நாள்

கடல் ஆராய்ச்சி நிலையத்தின் தொட்டியறைக் கதவைத் திறந்ததுமே பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. ஆராய்ச்சி செய்யும் ஆதிலக்ஷ்மி ஓடிப்போய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நேற்று மாலை வரை பாசி கலந்து பச்சையாகக் கிடந்த தண்ணீர், இன்று அடித்தரை தெரியத் தெளிந்து நின்றது.

அந்தப் பாசிதான் ஐயா, முத்துச்சிப்பிக் குஞ்சுகளுக்குச் சோறு! முத்துக்குளிக்கிற பாஸ்கல் கடலில் மூச்சடக்கி முங்கி எடுத்துவந்த தாய்ச்சிப்பிகளின் குஞ்சுகள். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, மைக்ராஸ்கோப்பில்தான் பார்க்க வேண்டும். நாலு வருஷமாக வளர்த்துப் பார்க்கிறாள். பத்தாம் நாளைத் தாண்டி ஒன்றுகூடப் பிழைத்ததில்லை. இந்தத் தடவைதான் பதினெட்டு நாள் ஓடியிருந்தது. இன்னும் ஒரு வாரம் போனால் நீந்துவதை விட்டுத் தரையைப் பற்றிக்கொள்ளும், அப்புறம் பயமில்லை. ஆழ்வார்திருநகரியில் கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண் சிப்பி நாற்றத்தோடு பஸ் ஏறுகிறாள் என்று தெருவே மூக்கைப் பொத்தியதை, இந்த ஒரு வாரத்தை நம்பித்தான் அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

"செல்லப்பாண்டி! தொட்டியில என்னத்தப் போட்டே?"

அட்டெண்டர் செல்லப்பாண்டி கையைப் பிசைந்தான். "டைரக்டர் ஐயாதாம்மா சொன்னாவ. மெட்ராஸ்லேருந்து பெரிய ஆபீசர் வாராவளாம். தண்ணி சாக்கடை மாதிரி கெடக்கு, பச்சை போற மாதிரி பவுடரக் கொட்டுலேன்னாவ."

தொட்டித் தண்ணீருக்குக் காற்று விடும் ஏரேட்டர் குழாயை மாட்ட வந்த பாஸ்கலுக்கு ரத்தம் கொதித்தது. "ஏலே, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? பத்துப் பாகம், அறுவது அடி ஆழத்துல, காதுல ரத்தம் வர முங்கி எடுத்த சிப்பிலே அது!"

அவனைத் திட்டி என்ன பிரயோசனம்? ஆதிலக்ஷ்மி நேரே டைரக்டர் மதுசூதனன் அறைக்குப் போனாள். கண்ணாடி முன் டையைச் சரிசெய்துகொண்டிருந்த மனுஷன் திரும்பக்கூட இல்லை.

"எல்லாம் செத்துப்போச்சு சார்."

"பத்தொம்பது நாள்தானேம்மா? மறுபடி ஆரம்பிச்சாப் போச்சு. கண்ணுக்கே தெரியாத ஜந்து, உசிரோட இருக்கா இல்லையான்னு யார் கேக்கப் போறா? வாயை மூடிண்டு நில்லு."

மறுபடி ஆரம்பிப்பதாமே! இந்த வருஷம் சிப்பி முட்டையிடும் காலம் முடிந்துபோயிற்று என்பது இவருக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகவே தெரியும். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

பதினோரு மணிக்கு ஆபீசர் வந்தார். தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "பேஷ், என்ன சுத்தம்!" என்றார். டைரக்டருக்கு வாயெல்லாம் பல். "லட்சக்கணக்கில நீந்திண்டிருக்கு சார். ரொம்பப் பொடிசு, கண்ணுக்குத் தெரியாது" என்றார், நாக்கூசாமல்.

ஆதிலக்ஷ்மிக்குக் காது இரண்டும் சுட்டது. வேலை போனால் போகட்டும், இதைக் கேட்டுக்கொண்டு நிற்கவா படித்தாள்? பிப்பெட்டைத் தொட்டியின் அடிவரை விட்டு உறிஞ்சினாள். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, தொட்டியோரம் மேஜைமேல் இருந்த மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தாள்.

"இதுல தெரியும் சார். பாருங்கோ."

டைரக்டர் முகம் வெளுத்தது. "ஆதிலக்ஷ்மி..." என்று பல்லைக் கடித்தார். ஆபீசர் அதற்குள் குனிந்துவிட்டார். திருகைத் திருகித் திருகிப் பார்த்தார்.

"நிறைய இருக்கேம்மா. ஆனா ஒண்ணும் அசையலையே?"

"அசையாது சார். எல்லாம் செத்தாச்சு."

"செத்துடுத்தா? எதனால?"

"நீங்க வரேள்னு சுத்தம் பண்ணினதாலே சார்."