வெள்ளிக்கிழமை மீனுக்கு ஒரு நாக்கு

எங்கள் மவுண்ட் ரோஸ்கில் பௌலிங் கிளப்பின் சமையலறை, பக்கத்து வீட்டுச் செல்வநாயகிக்குக் கிடைத்த செய்தி என் காதுக்கு வர அரை நாள் ஆகிவிட்டது. வழக்கமாக இவ்வளவு தாமதம் ஆகாது. நாலு வெள்ளிக்கிழமை அவள் மீன் பொரிக்கலாம். கூட்டம் சேர்ந்தால் சமையலறை அவளுக்கே, சேராவிட்டால் வேறு ஆளுக்கு என்று மேனேஜர் டேவிட் சொல்லியிருந்தார். கிடங்கில் பதினொரு வருஷம் பெட்டி அடுக்கியவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சிக்கல் ஒன்றுதான். இந்த ஊர் வெள்ளைக்காரர்களுக்கு வெள்ளி என்றால் மீன். செல்வநாயகிக்கு வெள்ளி என்றால் விரதம்.

முதல் வெள்ளி மாவில் உப்பே இல்லை. இரண்டாவது வெள்ளி கடல் உப்பு முழுவதையும் கரைத்து ஊற்றியிருந்தாள். நாலு பேருக்குப் பழகிய கை, எண்பது பேருக்கு ஏமாற்றிவிட்டது.

"ஒரு துளி நாக்குல வச்சுப் பாரேன். முருகன் கோவிச்சுக்க மாட்டார்" என்றேன், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று.

"அவர் கோவிக்க மாட்டார் அக்கா. நான் கோவிப்பன்."

டேவிடைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டாள். உப்பில்லாததற்கும் "ஆல் குட்", கரித்ததற்கும் "ஆல் குட்". இந்த ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். அடுத்த வாரம் பேசாமல் வேறு பப்புக்குப் போய்விடுவார்கள். மூன்றாவது வெள்ளி பாதி மேசை காலி. நம் ஆட்களைக் கேட்கலாம் என்றால், வெள்ளிக்கிழமை மீன் தின்கிறேன் என்று யார் ஒத்துக்கொள்வார்?

எனக்கு ஒருவரைத் தெரியும். கோயில் செயலாளர் கேதீஸ்வரன். வெள்ளி ஏழு மணிப் பூசைக்குப் பட்டு வேட்டியோடு முன்வரிசையில் நிற்பவர். நாலரை மணிக்கு அவருடைய நீலக் கார் ஒனேஹங்காவில் மீன் பொரிக்கும் ஒரு பப்பின் பின்பக்கம் நிற்கும். நான் அங்கே எதற்குப் போனேன் என்பது இந்தக் கதைக்கு வேண்டாதது.

செல்வநாயகியின் காதில் போட்டுவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேநீருக்குக் கூப்பிட்டாள். நானும் ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"கேதீஸ் அண்ணை, வெள்ளியில நல்ல மீன் எங்க கிடைக்கும்?"

"எனக்கென்ன தெரியும் தங்கச்சி? வெள்ளியில நான் மரக்கறியெல்லோ."

"ஓம், தெரியும். எண்டாலும் மனுரேவாப் பக்கம் ஒரு கிளப்பிலதான் திறமெண்டு சனம் கதைக்குது."

"ஆர் சொன்னது? அங்க மா செருப்பு மாதிரித் தடிப்பு. மங்கரே மூலைக்கடையில எண்ணெய் பழசு. ஒனேஹங்காவில மட்டுந்தான் மீன் மீனா இருக்கும், அதுவும் அஞ்சு மணிக்கு முன்னம் போனா..."

நிறுத்தினார். தேநீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், அக்காவும் சொல்லமாட்டா" என்றாள் செல்வநாயகி. நான் சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன். "வாற வெள்ளி நாலு மணிக்குப் பின்கதவால வாங்கோ. நல்லா இருக்கெண்டு சொல்லக்கூடாது. குறை மட்டும் சொல்லவேணும்."

"குறை சொல்ல என்னை விட்டா ஆர்?" என்றார். கோயில் கூட்டங்களுக்குப் போனவர்கள் மறுக்க மாட்டார்கள்.

நாலாவது வெள்ளி வந்தார். முதல் துண்டு: "உப்புக் காணாது." இரண்டாவது: "உப்புச் சரி. மா தடிப்பு." மூன்றாவதைத் தின்றுவிட்டு நாலாவதுக்குக் கை நீட்டினார். செல்வநாயகி தட்டை இழுத்துக்கொண்டாள்.

"காணும் அண்ணை. பூசைக்கு நேரமாகுது."

அந்தத் தட்டோடு நேரே புல்வெளிக்கு நடந்தாள். பந்து உருட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும், போன வாரம் முகம் சுளித்தவர்களுக்கும், ஆளுக்கொரு துண்டு. வேண்டாம் என்றவர்கள் முன்னால் நகராமல் நின்றாள். ஆறு மணிக்கு வரிசை வாசலைத் தாண்டியது. டேவிட் "ஆல் குட்" என்று சொல்லவில்லை. கரும்பலகையில் "இந்த வாரம்" என்றிருந்ததை அழித்துவிட்டு "ஒவ்வொரு வெள்ளியும்" என்று எழுதினார்.

ஏழு மணிப் பூசையில் செயலாளர் பக்கத்தில் நின்றேன். திருநீறு வாசனையையும் மீறி எண்ணெய் வாசனை வந்தது.

சனிக்கிழமை காலை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தேன். செல்வநாயகி தன் வீட்டுச் சமையலறை ஜன்னலருகே நின்றபடியே நேற்றைய ஆறிய துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். மெல்ல மென்றாள்.

"உப்புச் சரிதான் அக்கா" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.