தையல் மெஷினைப் பார்த்த ஒலிபெருக்கி

கூடத்தில் நின்ற இரண்டு ஒலிபெருக்கிகளும் பிளைவுட்டில் அவரே செய்தவை. அண்டா அகலத்துக்கு வாய் விரிந்த புனல்கள். மனைவியின் தம்பி வந்ததும் சோபாவில் சாய்ந்து, பாட்டைப் போடச் சொன்னான்.

“என்ன மாமா, வாய் இவ்வளவு பெருசு, பாட்டு போர்வைக்குள்ளேருந்து வருது?”

“புனல் பாக்குற இடத்துலதான்டா தெளிவா கேக்கும்.”

இதற்கு முன் செய்த ஜோடியை அவர் சோபாவைப் பார்த்துத்தான் அமைத்திருந்தார். “உங்களுக்குப் பாட்டு, எனக்கு இரைச்சலா?” என்று தையல் மெஷினிலிருந்து மனைவி இடித்துக்காட்டுவாள். சிரித்து மழுப்பிவிடுவார். அவள் வெளிநாட்டு வேலைக்குப் போனபின் அதைப் பிரித்துவிட்டு, மெஷின் முன் குனிந்திருக்கும் அவள் தலை எந்த உயரத்தில் இருக்கும் என்று அளந்து இந்த ஜோடியைச் செய்தார். போன வாரம்தான் அவளுடைய ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம் நீண்டது.

தம்பி எழுந்து மெஷின் முன் உட்கார்ந்தான். பாடுகிறவர் எதிரில் நின்றதுபோல் குரல் வந்தது.

“கேக்குதா?”

“கேக்குது மாமா. இனி அக்கா உங்களத் திட்ட வேற காரணம் தேடணும்.”

“தேடட்டும். முதல்ல வரட்டும்” என்றார்.