மிளகு மரத்தில் பறந்தவன்

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான். (இப்படித் தொடங்கினால் பத்திரிகை ஆசிரியர் இந்த வரியை அடித்துவிடுவார். அடிக்கட்டும்.)

1944-இல் நம் வார இதழில் 'பறக்கும் வீரன்' என்று வர்ணச் சித்திரத் தொடர் வந்ததே, நினைவிருக்கிறதா? கதை என்னுடையது, படங்கள் மாணிக்கம் தீட்டியவை. வீரன் கைகளை விரித்து மலைமேல் மிதக்கும் அந்த முதல் அட்டைப்படம்தான் அவனைச் சென்னையில் பெரிய ஓவியனாக்கியது.

2
"கொல்லிமலையின் நீல முகடுகளில் வீரன் ஒருவன்…"

வேண்டாம். அவன் பெயர் காளியண்ணன். கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் மிளகு பயிரிடுகிறவன். மூங்கில் ஏணியின் உச்சியில், மிளகுக்கொடி படர்ந்த மரத்தை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே மாணிக்கம் வரைந்துகொண்டிருந்தான்.

"ஏனுங்க, என்ற மூக்கு நல்லா வருதுங்களா?"

"அந்த மூக்கப் பாக்கத்தான் சேலத்துல இருந்து வந்தாங்களாக்கும்!" என்று சிரித்தாள் அவன் மனைவி பாவாயி.

அப்போது மாணிக்கம், "இன்னொரு கையையும் விடு. பறக்கிற மாதிரி இருக்கணும்" என்றான்.

அந்த வரியை அடித்துவிடுங்கள். மாணிக்கம் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

காளியண்ணன் கையை விட்டான். அந்த நொடிதான் அட்டைப்படம்.

3
விழுந்ததில் காளியண்ணனின் கணுக்கால் பிசகியது ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. சரியாகாதது வேறு. மிளகு பறிக்கும் காலம் முழுக்க அவ்வூரார் கவிச்சி தொடமாட்டார்கள். அப்போது கை தானாக வழுக்கி மரத்திலிருந்து விழுந்தவன் விரதம் கெட்டவன் என்பது ஊர் நம்பிக்கை. பிறகு தன் மரத்தில்கூட அவன் ஏறக்கூடாது.

ஊர்க்கவுண்டர் என்னிடம் கேட்டார்: "கண்ணால பாத்தவரு நீங்க. கை தானா வழுக்குச்சுங்களா, இல்ல நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?"

"சொல்லுங்க சாமி" என்றான் காளியண்ணன், நிம்மதியாக.

"தானாகத்தான் வழுக்கியது" என்றேன்.

(அடிக்குறிப்பு: பயம். முப்பது பேர் சூழ்ந்து நின்றார்கள். வேறு காரணங்களும் எழுதிப் பார்த்தேன். எல்லாம் அழகாக இருந்தன, நானே நம்பவில்லை.)

"கைய உடச் சொன்னது இவருதானுங்க! நானுந்தான் காதால கேட்டன்!" பாவாயி கத்தினாள்.

"பொண்டாட்டி வேற எப்படிச் சொல்லுவா கண்ணு?" என்று கவுண்டர் எழுந்துவிட்டார். மாணிக்கம் படத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

4
முடிவு ஒன்று: நான் மலையேறி உண்மையைச் சொல்கிறேன். (இரண்டு வருடமாக இதை எழுதுகிறேன். எழுத மட்டும்தான் செய்கிறேன்.)

முடிவு இரண்டு: காளியண்ணன் என்னை மன்னித்து… சீ.

இங்கே ஒப்புக்கொள்வது சுலபம். அந்த ஊருக்கு இந்தப் பத்திரிகை போவதில்லை. மலைக்குப் போகிறவர் யாராவது இதைக் கவுண்டர் முன்னால், ஊர் கூடியிருக்கும்போது, வாசித்துக் காட்டுங்கள். என் பெயரையும் சேர்த்து வாசியுங்கள். காளியண்ணன் மரம் ஏறுவானா இல்லையா என்பது அங்கேதான் முடிவாகும்.

நீயே போகலாமே என்கிறீர்கள்.

போகலாம். நாளைக்கே போகலாம். நான்…